கேரெக்ஸ் டே-லைட் கிளாசிக் பிளஸ்: பெட்டி சரி, கையேட்டு நேரம் பைபோலாருக்கு ஆகாது

டொராண்டோ போன்ற ஊர்களில் குளிர்காலம் நெருங்கினால் மனச்சோர்வைக் குறைக்க முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் ஒளிச்சிகிச்சை விளக்குகள் கடைகளில் வந்து குவியும். உள்ளங்கை அகல விளக்குகூட அட்டையில் '10,000 லக்ஸ்' என்று போட்டுக்கொள்ளும். லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் ஒளியின் அளவு. அது எத்தனை அங்குலத் தூரத்தில் என்பதைக் கையேட்டில் தேட வேண்டும். சிறியவை பலவற்றில் ஐந்தாறு அங்குலம்தான். அவ்வளவு கிட்டத்தில் முகத்தை வைத்து எவ்வளவு நேரம் உட்கார முடியும்? தூரம் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு வருவது ஏறக்குறைய கால் பங்கு.

கேரெக்ஸ் நிறுவனத்தின் டே-லைட் கிளாசிக் பிளஸ் பெட்டி இங்கேதான் தேறுகிறது. 12 அங்குலத்தில் 10,000 லக்ஸ், புற ஊதாக் கதிரை வடிகட்டும் பெரிய திரை. தலை கொஞ்சம் அசைந்தாலும் ஒளி விலகிப் போகாது. நீளமான கால் இருப்பதால் கண்மட்டத்துக்கு மேலிருந்து சாய்வாக ஒளி இறங்கும்படி வைக்கலாம், கூச்சமும் குறையும். குறை, அதன் உருவம். மேசையில் பாதியை அதுவே பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வாங்கி வருவதானால், அடாப்டரில் 230 வோல்ட் தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள்.

இனி கையேடு. இந்த வகைப் பெட்டிகளின் கையேடுகள் குளிர்கால மனச்சோர்வை மனதில் வைத்து எழுதப்பட்டவை: காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் என்பார்கள். மனச்சோர்வும், மேனியா எனும் அளவுமீறிய மன எழுச்சியும் மாறி மாறி வரும் நோய் பைபோலார். அது உள்ளவர் இந்த நேரத்தை அப்படியே பின்பற்றக் கூடாது. மனநல மருத்துவர் டோரதி சிட்டின் குழு பைபோலார் உள்ள பெண்களை வைத்து 2007இல் வெளியிட்ட சிறு ஆய்வில், காலை ஒளி பெற்ற நான்கு பெண்களில் மூவருக்கு சோர்வும் பரபரப்பும் ஒன்றாகக் கலந்த நிலை வந்தது. பிறகு நண்பகலுக்கு மாற்றினார்கள். பைபோலார் சோர்வில் இருந்த 46 பேரை வைத்து அதே குழு நடத்தி 2018இல் அச்சான ஆய்வில் 7,000 லக்ஸ் வெள்ளொளி பெற்றவர்களில் 68 சதவீதத்தினர் சோர்விலிருந்து மீண்டார்கள். ஒப்பீட்டுக்காக மங்கலான சிவப்பொளி பெற்றவர்களில் 22 சதவீதம். யாருக்கும் மேனியா வரவில்லை. ஆனால் அத்தனை பேரும் மேனியாவைத் தடுக்கும் மருந்தில் இருந்தவர்கள். கனடாவின் 2018 சிகிச்சை வழிகாட்டி இதை மூன்றாம் வரிசைத் துணைச் சிகிச்சையாகத்தான், அதாவது முதலிரண்டு வரிசை சிகிச்சைகளுக்குப் பிறகு மருந்தோடு சேர்த்துத் தருவதாகத்தான், வைத்திருக்கிறது. லித்தியம், வால்ப்ரோவேட் போன்ற மேனியாவைத் தடுக்கும் மருந்து இல்லாமல் விளக்கை மட்டும் நம்புவது விபரீதம்.

அந்த 2018 ஆய்வில் கொடுத்த அளவு இது. நேரம் மதியம் 12 மணிக்கும் 2.30க்கும் இடையில். முதல் வாரம் தினம் 15 நிமிடம், வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டி, நான்காம் வாரத்தில் 60 நிமிடம். இதை மருத்துவரிடம் காட்டி அவர் சம்மதத்தோடு தொடங்குங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெட்டியை அலுவலகத்திலேயே விட்டுவைப்பதுதான் வழி. பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கத்தான் செய்வார். சாப்பாட்டுத் தட்டுக்கு அப்பால், ஓரமாகச் சாய்த்து வையுங்கள். கண் திறந்திருக்க வேண்டும், விளக்கையே முறைக்க வேண்டியதில்லை. சாப்பிடலாம், படிக்கலாம். கண்ணை மூடிச் சாய்ந்தாலோ கருப்புக் கண்ணாடி போட்டாலோ ஒளி உள்ளே போகாது. லக்ஸ் மீட்டர் கிடைத்தால் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அளந்துவிடுங்கள். செல்போன் செயலிகளின் கணக்கு நம்பத்தக்கதல்ல.

தலைவலி, கண் எரிச்சல், குமட்டல் வந்தால் பெட்டியைத் தள்ளி வையுங்கள், அல்லது நிமிடத்தைக் குறையுங்கள். நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை, பேச்சு வேகமெடுக்கிறது, சின்ன விஷயத்துக்கும் சிடுசிடுப்பு, கை தாராளமாகச் செலவு செய்கிறது என்றால், அது குணமான அறிகுறியல்ல. அன்றே விளக்கை நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். இதை நோயாளியைவிட அவரோடு வீட்டில் இருப்பவரே முதலில் கவனிப்பார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. விழித்திரை நோயோ சர்க்கரையால் வந்த கண் பாதிப்போ இருப்பவர்கள், ஒளிக்கூச்சம் தரும் மாத்திரை சாப்பிடுபவர்கள், முதலில் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இருப்பவர் இவ்வளவு செலவழிக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. வீட்டு அறைக்குள் சில நூறு லக்ஸ்தான்; வெயில் நாளில் வானம் தெரியும் திறந்த நிழலில் மதியம் 10,000 லக்ஸ் எளிதாகத் தேறும். ஆய்வுகள் பெட்டியை வைத்துத்தான் நடந்தன, அளவும் அதில்தான் கைக்கு அடங்கும். ஆனாலும் மருத்துவர் ஒப்புக்கொண்டால், அதே 15 நிமிடக் கணக்கில் திண்ணையிலோ மொட்டைமாடிக் கொட்டகை ஓரத்திலோ தொடங்கிப் பார்க்கலாம். நேர் வெயில் வேண்டாம். லித்தியம் எடுப்பவருக்கு வியர்த்து நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். தண்ணீர்ச் செம்பு பக்கத்தில் இருக்கட்டும்.