வரண்டியில் வந்த என்ஜின், தேய்த்து அழித்த நம்பர்

வரண்டியில் வேறு என்ஜின் மாற்றித் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னால், அதைப் பூட்ட விடுவதற்கு முன் அதன் நம்பரை உங்கள் கண்ணால் பாருங்கள். வன்னியில் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும்தான் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திறந்துவிட்ட பிறகும் வரியோடு வருகிற விலை எங்களுக்கு எட்டுவதாக இல்லை. அதனால் பழைய காருக்கே ரீகண்டிஷன் என்ஜின் போட்டு ஓடுகிறோம். நானும் ஏ9 வீதியோரக் கடை ஒன்றில் ஆறு மாத வரண்டியோடு ஒன்று வாங்கினேன்.

ஒரு மாதம்கூட ஒழுங்காக ஓடவில்லை. மாங்குளத்திலிருந்து மல்லாவிக்குப் போகும்போது ஹீட் முள் ஏறியது. உடனே ஓரம் கட்டி நிறுத்தினேன். ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கூலன்ட் உள்ளே இறங்கிவிட்டது, ஹெட் பக்கம்தான் பிழை என்றார் மெக்கானிக் அண்ணை.

கடைக்காரர் எடுத்த எடுப்பில், "தம்பி, நீங்கள் ஹீட்டாக்கிப்போட்டியள், வரண்டி இல்லை" என்றார். இப்படி விற்கிற என்ஜின்களில் சில்லறைக் காசு அளவில் ஒரு தகடு ஒட்டியிருப்பார்கள். சூடு ஏறக்குறைய 120 பாகையைத் தாண்டினால் அதன் நடுப்பகுதி உருகிவிடும். உருகியிருந்தால் வரண்டி போச்சு. அண்ணை கிரீஸைத் துடைத்துக் காட்டினார், நடு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் மாற்றித் தரச் சம்மதித்தார்கள். அதுவும் தங்கள் கராஜில்தான் பூட்டுவோம், கூலியும் ஒயிலும் கூலன்ட்டும் என் செலவு என்றார்கள். சரி, என்ஜின் வந்தால் போதும் என்று விட்டேன்.

கார் வந்ததும் அண்ணை முதலில் பார்த்தது நம்பரைத்தான். பிளாக்கில் நம்பர் அடித்திருக்க வேண்டிய இடத்தில் வெள்ளிப் பெயின்ட் புதிதாக இருந்தது. நகத்தால் சுரண்டினார். உள்ளே கிரைண்டர் ஓடிய கோடுகள் மட்டும்தான், ஒரு இலக்கம்கூட இல்லை. கையில் இருந்த பில்லிலோ முதல் என்ஜினின் நம்பர். கேட்டதற்கு, "வாகனம் ஓடுதுதானே, பிறகென்ன?" என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

வாகனப் புத்தகத்தில் சாசி நம்பரோடு என்ஜின் நம்பரும் இருக்கிறது. என்ஜின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், அதற்கு அந்த என்ஜின் இறக்குமதியான சுங்கப் பத்திரம் வேண்டும். நம்பரே இல்லாத என்ஜினுக்கு எந்தப் பத்திரத்தைக் காட்டுவது? காரை விற்கவும் முடியாது. அது களவு வாகனத்தில் கழற்றியதாக இருந்தால் பொலிஸில் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு பில், வரண்டி அட்டை, சுரண்டிய இடத்தின் படம் எல்லாம் சேர்த்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சொன்ன வரண்டிக்கு ஒத்துவராத பொருளை விற்றால் அங்கே முறையிடலாம். தொலைபேசி 1977. பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் கடைக்காரர் "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று இழுத்தால் காத்திருக்காதீர்கள். பொலிஸிலும் ஒரு பதிவு போட்டு வைத்தேன்.

அண்மையில் என்ஜின் மாற்றியவர்கள் இன்றைக்கே பொனட்டைத் திறந்து, டோர்ச் அடித்து, நம்பரைப் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயின்ட் புதிதாகத் தெரிந்தால் சுரண்டியும் பாருங்கள்.