கொலஸ்டைரமின் தூள்: யாருக்கு உகந்தது, யாருக்கு ஆகாது

இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பழைய மருந்துகளுள் ஒன்றான கொலஸ்டைரமின், உடலுக்குள் உறிஞ்சப்படாமல் குடலிலேயே வேலை செய்கிறது என்பதே அதன் சிறப்பு. கொழுப்பைச் செரிக்க உதவக் குடலுக்கு வரும் பித்த அமிலங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகிறது; இத்தூள் அவற்றைப் பிடித்து மலத்துடன் வெளியேற்றுவதால், கல்லீரல் இரத்தத்திலுள்ள எல்டிஎல் எனும் ‘கெட்ட’ கொலஸ்டிராலை இழுத்துப் புதிய பித்த அமிலம் தயாரிக்க நேர்கிறது. 1984இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இம்மருந்து மாரடைப்பு அபாயத்தை 19 விழுக்காடு குறைத்தது.

ஆனால் உடல் பருமன் உள்ளவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். பித்த அமிலத்தின் மீள்வருகை குறையும்போது கல்லீரலில் ட்ரைகிளிசரைடு என்னும் மற்றொரு வகை இரத்தக் கொழுப்பின் உற்பத்தி கூடக்கூடும். பருமனானவர்களில் பலருக்கு அது ஏற்கெனவே மிகுதியாக இருப்பதால், ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். எனவே ட்ரைகிளிசரைடு அளவைப் பார்க்காமல் இதைத் தொடங்குவது சரியன்று என்பது என் கருத்து.

மணல்போல் நாக்கில் நெருடும் இத்தூளை நீரில் கலந்தே குடிக்க வேண்டும். சுவையைப் பாராட்ட வழியில்லை. மலச்சிக்கல் பரவலாக வரும். பிற மருந்துகளையும் இது பற்றிக்கொள்வதால், அவற்றை ஒரு மணி நேரம் முன்போ நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ உட்கொள்வது அவசியம்.