துப்பாக்கி சுடும் போட்டிக்கான ஷூட்டிங் கண்ணாடி வாங்கப் போகும் வடசென்னை நண்பர்களுக்கு: 16,500 ரூபாய் இழந்தவனின் எச்சரிக்கை

"கஸ்டம் லென்ஸ் சார், ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்ற ஒற்றை வரி நேற்று இரவு வாட்ஸ்அப்பில் வந்தது. 16,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த இறுதிப் பதில் அதுதான். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வடசென்னையில், விளையாட்டு வீரர்களுக்கென்று தனிப்பிரிவு இருப்பதாகக் கண்ணாடிக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கொடுங்கையூரிலிருந்து வாரக் கடைசியில் ரேஞ்சுக்குப் போய் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) சுடுகிறேன். இந்தப் போட்டியில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு வெள்ளைப் பொட்டு. அதை நோக்கிப் போகும் பெல்லட் என்ற சிறு குண்டின் குறுக்களவே 4.5 மில்லிமீட்டர். நின்றபடி ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கும்போது, சாதாரணக் கண்ணாடியில் பார்வை லென்ஸின் நடுவே போகாமல், மூக்கை ஒட்டிய மேல் ஓரத்தின் வழியாகச் சாய்வாகப் போகிறது. அதனால்தான் ஒரே ஒரு வட்ட லென்ஸை முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்த்தி, பீப் சைட்டுக்கு (கண்ணருகே இருக்கும் குறிபார்க்கும் துளை) நேராக நிறுத்தக்கூடிய தனி ஃபிரேம் தேவைப்படுகிறது. பவரும் வேறு. தெளிவாகத் தெரிய வேண்டியது ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி, குழலின் முனையில் இருக்கும் வளையக் குறியான ஃபிரன்ட் சைட்தான். டார்கெட்டின் கறுப்பு சற்று மங்கலாகத் தெரிந்தாலும் பாதகமில்லை. எனவே தூரப்பார்வைப் பவருடன் பிளஸ் 0.50 அளவு கூட்டுவது ரைஃபிள்காரர்களின் வழக்கம். என் வலக்கண்ணின் தூரப்பவர் மைனஸ் 2.25, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் உள்ள மங்கலைச் சரிசெய்யும் பவர்) மைனஸ் 0.75. அதாவது, லென்ஸ் மைனஸ் 1.75 ஆகவும் சிலிண்டர் அப்படியேயும் இருந்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் வாயால் சொல்லவில்லை, மருத்துவர் எழுதிய சீட்டோடு தனித்தாளில் எழுதியே கொடுத்தேன். கடைக்காரர் அந்தத் தாளை நிதானமாகப் படித்தார், பிளஸ் 0.50 என்ற இடத்தைத் தாமே பேனாவால் வட்டமிட்டார், "கரெக்டா எழுதியிருக்கீங்க சார், நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல" என்றார். நம்பிக்கை விழுந்தது அந்த வட்டத்தில்தான். "ஃபிரேம் ஜெர்மன் சரக்கு. லென்ஸ் வந்ததும் நானே ரேஞ்சுக்கு வந்து, நீங்க ரைஃபிள் பிடிச்சு நிக்கும்போது செட் பண்ணித் தரேன்" என்று வேறு சொன்னார். விஷயம் தெரிந்த ஒருவர் நம் பேட்டையிலேயே கிடைத்துவிட்டார், இனி இதற்காக டெல்லிக்கும் புனேவுக்கும் கூரியர் அனுப்பத் தேவையில்லை என்ற மகிழ்ச்சியில், 16,500 ரூபாய் முழுவதையும் அங்கேயே யுபிஐயில் செலுத்தினேன். கையில் தந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட ஒரு மஞ்சள் சீட்டு. ஜிஎஸ்டி பில் டெலிவரியின்போது வரும் என்றார்கள். கண்ணாடி வந்தது, பில் வரவில்லை, ரேஞ்சுக்கு வருவதாகச் சொன்னவரும் வரவில்லை.

நானே அமைத்துக்கொண்டு சுட்டேன். தொடக்கத்தில் சில குண்டுகள் வரை குறையொன்றும் தெரியவில்லை. பிறகு ஃபிரன்ட் சைட்டின் வளையம் ஒரு திசையில் தெளிவாகவும் மறு திசையில் கலங்கலாகவும் தெரியத் தொடங்கியது. 60 குண்டுகளை 75 நிமிடத்தில் சுட வேண்டிய ஆட்டத்தில், பாதியைத் தாண்டுவதற்குள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தண்டையார்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு கண் மருத்துவகத்தில் லென்ஸைக் கருவியில் வைத்து அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள்: மைனஸ் 2.25, சிலிண்டர் இல்லை. பிளஸ் 0.50 எங்கே போனது? பேனாவால் வட்டமிட்டதெல்லாம் எதற்காக? ஃபிரேமில் எந்த முத்திரையும் இல்லை, லென்ஸைப் பிடிக்கும் திருகு மரை தேய்ந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது, வியர்வை பட்ட இடத்தில் முலாம் உரிகிறது. குறி பார்க்காத கண்ணை மறைக்கும் தகட்டையும் அளந்தேன், அகலம் 45 மில்லிமீட்டர். சர்வதேச விதிப்படி 30 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால், போட்டியின் கருவிச் சோதனையிலேயே அதைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள்.

கடைக்குப் போனால், "கண்ணு பழகணும் சார், ரெண்டு வாரம் போட்டுப் பாருங்க" என்றார்கள். துண்டுச் சீட்டைக் காட்டினேன். மருத்துவகத்தின் கருவிதான் சரியில்லை என்றார்கள். அப்படியானால் உங்கள் கருவியிலேயே வையுங்கள் என்றதும், அதை இயக்கும் பையன் லீவு என்றார்கள். அடுத்த முறை, தவறு லேபில் நடந்தது, லேபுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். அதற்கடுத்து ஓனர் ஊரில் இல்லை. அந்த ஓனர் உள்ளறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்ததைத் திரைச்சீலை இடுக்கில் நான் பார்த்தேன். பவர் தவறாகப் போட்டதைக்கூட மன்னித்துவிடலாம், யாருக்கும் நேரக்கூடியதுதான். என் பணம் 16,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, என்னையே ஒன்றும் தெரியாதவனாக்கிப் பேசிய அந்தத் தோரணையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது பற்றி, ஐரிஸ் தட்டு (துளையைச் சுருக்கி விரிக்கும் தட்டு), நிற வடிகட்டி, லென்ஸின் குறுக்களவு எல்லாவற்றையும் விளக்கி எழுதத்தான் நினைத்திருந்தேன். இப்போதைக்குச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள், ஆரஞ்சு என்று நிற லென்ஸைக் காட்டி ஒருவர் பேச்சைத் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில் பவர், நிறம் அப்புறம். ஃபிரன்ட் சைட்டுக்காகக் கூட்டிய பவர் எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எஸ்டிமேட் சீட்டுக்கு முழுப்பணம் தராதீர்கள். சிலிண்டர் உள்ளவர்கள், வட்ட லென்ஸ் ஃபிரேமுக்குள் சுழன்றுவிடும் என்பதால், ஆக்சிஸுக்கு (சிலிண்டர் நிற்க வேண்டிய கோணம்) லென்ஸின் ஓரத்தில் குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். யுபிஐ ரசீது, மஞ்சள் சீட்டு, மருத்துவகத்தின் துண்டுச் சீட்டு மூன்றையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இதே போன்ற கடையில் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், மீதியைத் தருவதற்கு முன் லென்ஸை உங்கள் கண்ணெதிரே கருவியில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த மீதியைக் கொடுக்காதீர்கள்.