நாட்டுச் செங்கல் சுவரில் சிலேன்–சிலாக்ஸேன்: மூன்று ஐப்பசி மழைக்குப் பிறகு

கும்பகோணம் பக்கம், வெளியே காரை பூசாத நாட்டுச் செங்கல் சுவரில் தண்ணீர் சேர்த்து அடிக்கும் வகை சிலேன்–சிலாக்ஸேன் அடித்தது. செங்கல்லுக்குள் இறங்கி மழைநீரை விலக்கும் சிலிக்கோன் வகை மருந்து இது. மூன்று ஐப்பசி மழை கடந்துவிட்டது. வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "தாமரை இலைத் தண்ணீர் மாதிரி இன்னும் உருளுதா?" என்பதைத்தான். இல்லை. மேற்குப் பார்த்த சுவரில் இரண்டாவது மழையிலேயே அது மங்கிவிட்டது. ஆனால் மருந்து போய்விடவில்லை.

முத்தாக உருள்வது மேல்தோலின் வேலை. வெயிலும் புழுதியும் முதலில் கெடுப்பது அதைத்தான். உள்ளே சில மில்லிமீட்டர் ஆழம்வரை சிலேன் செங்கல்லின் நுண்துளைகளில் பிணைந்து நிற்கிறது. அங்கே தண்ணீரின் தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம்) 90 பாகையைத் தாண்டுவதால் துளை உறிஞ்சுவதில்லை. துளையை அடைப்பதும் இல்லை. உள்ளீரம் ஆவியாகப் போக வழி இருக்கிறது. படலமாக மூடும் அக்ரிலிக் பூச்சு ஈரச் சுவரில் கொப்புளித்து உரிவது அந்த வழி இல்லாததால்தான்.

ஆகவே கண்ணை நம்பாமல் கார்ஸ்டன் குழாயை நம்புங்கள். சுவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளக்கும், அளவுகோடு போட்ட குழாய் அது. சுவரில் புட்டி வைத்து ஒட்டி, 10 செ.மீ. உயரம் தண்ணீர் நிரப்பி 20 நிமிடம் பாருங்கள். மட்டம் இறங்காவிட்டால் மறுபூச்சு தேவையில்லை.

அடிக்க ஏற்ற காலம் பங்குனி. பாசியைச் சுரண்டிக் கழுவி, ஒரு வாரம் காயவிட வேண்டும். ஈரத் துளைக்குள் மருந்து இறங்காது. கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு வைத்தால் கெட்டுவிடும். கீழிருந்து மேலாக, ஒரு சாண் வழியும் அளவுக்கு நனைத்து, காய்வதற்குள் இரண்டாம் கை. முதல் கை காய்ந்துவிட்டால் அதுவே இரண்டாவதைத் தள்ளிவிடும். நாட்டுச் செங்கல் நிறையக் குடிக்கும்: லிட்டருக்கு 30 முதல் 50 சதுர அடிதான். வயலுக்கு மருந்தடித்த ஸ்ப்ரேயர் வேண்டாம். ஜன்னல் கண்ணாடியை மூடிவிடுங்கள், கறை எளிதில் போகாது. மொட்டை மாடித் தளத்துக்கு இது ஆகாது. தேங்கும் தண்ணீரையும் விரிசலையும் இது தடுக்காது.

விளக்கு மாடத்தடியில் நல்லெண்ணெய் ஊறத்தான் செய்கிறது. எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிகூட இல்லை, சிலிக்கோன் அதை விலக்காது. விலக்குவது ஃப்ளோரின் சேர்ந்த பூச்சு. அந்தக் குடும்பத்து வேதிப்பொருளான பி.எஃப்.ஓ.ஏ. 2019-ல், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரு மாடத்துக்காக அதைத் தேடிப் போக வேண்டாம்.

உண்மையில் கெட்ட இடம் அடிச்சுவர். தரையிலிருந்து ஏறும் ஓதம் உப்பையும் கொண்டுவரும். மருந்து இறங்கிய அடுக்குக்குப் பின்னால் தண்ணீர் நின்று ஆவியாக, உப்பு அங்கேயே படிகமாகிச் செங்கல் முகத்தைப் பொருக்காகத் தள்ளிவிடுகிறது. ஓதம் ஏறும் உயரம்வரை மருந்தே அடிக்காதீர்கள். இணைப்புகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்து, வெளியே பூக்கும் உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும்.