வெண்டோ 81: தொலைக்காட்சி ஏற்றிவிட்ட விலை

1950களில் கோகோ கோலா விற்பதற்காக அமெரிக்காவின் வெண்டோ நிறுவனம் தயாரித்த, 81 புட்டிகள் கொள்ளும் இயந்திரத்தை, பழையவற்றைப் புதுப்பித்து விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். காசு போட்டு, குறுகிய கதவைத் திறந்து, படுத்திருக்கும் புட்டியின் கழுத்தைப் பிடித்து இழுக்கும்போது எழும் ‘கடக்’ ஒலிக்கே பாதிப் பணம் தகும். சிவப்புப் பூச்சில் முகம் பார்க்கலாம். கம்ப்ரசர்தான் பழையது, குளிர்ச்சி போதவில்லை. ஹிஸ்டரி சேனலில் 2009இல் அடகுக் கடையைக் காட்டும் ‘பான் ஸ்டார்ஸ்’, 2010இல் பழைய பொருள்களைப் புதுப்பிப்பதைக் காட்டும் ‘அமெரிக்கன் ரெஸ்டோரேஷன்’ ஆகிய நிகழ்ச்சிகள் தொடங்கியபின், கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் பெட்டிக்கும் திரையில் கேட்ட விலையையே சொல்பவர்கள் இருக்கிறார்கள்; அந்த விலையில் தகர வேலையும் குரோமியப் பூச்சும் அடங்கியிருப்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. நான் பேரம் பேசியபோது கடைக்காரரும் அந்த நிகழ்ச்சிகளைத்தான் சாட்சிக்கு அழைத்தார். வாங்குவோர் மின்னிணைப்புக் கொடுத்து, சில மணி நேரம் காத்திருந்து, புட்டி சில்லிட்டதா என்று தொட்டுப் பார்த்த பிறகே பணத்தை எண்ணுவது நல்லது.