கடற்கரை வீதித் தேநீர்க்கடையில் நள்ளிரவு ஆட்டம்

யாழ்ப்பாணம் குருநகரின் கடற்கரை வீதியில் பெயர்ப்பலகை இல்லாத தேநீர்க்கடையொன்று, ஐரோப்பிய உதைபந்தாட்டப் போட்டி இருக்கும் இரவுகளில் விடியற்காலை வரை திறந்திருக்கும். இங்கிலாந்துக் கழகங்களில் மன்செஸ்டர் யுனைடெட்டுக்கும் ஆர்சனலுக்கும் நகரில் எங்கும் ஆள் உண்டு. லண்டன் கழகமான டொட்டன்ஹாமின் ஆட்டத்தைத் தவறாமல் போடும் கடையாக நான் கண்டது இது ஒன்றுதான் என்பதால், 2023 முதல் அங்கே போய்வருகிறேன்.

வசதியை எதிர்பார்த்துப் போகவேண்டாம். பிளாஸ்டிக் கதிரைகள் இருபதுக்கு மேல் இல்லை. பிந்தி வருபவர் சோடாப் பெட்டியின் மேல்தான் அமரவேண்டும். சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் படம் விழுத்துகிறார்கள். கடற்காற்று அடித்தால் துணி உப்பி ஆட்டக்காரர்களின் கால்கள் வளையும். 50 ரூபாய் பிளேன்ரீ, இஞ்சி தட்டிப் போட்டது, நள்ளிரவுக்குப் பிறகும் சாயம் குறையாமல் வருகிறது. மீன் ரோல்ஸ் மாலையில் பொரித்ததாகையால் இடைவேளைக்குள் ஆறி இறுகிவிடும். உளுந்து வடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கடைக்காரருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: போட்ட ஆட்டத்தை இறுதி விசில் வரை மாற்றமாட்டார். அதன் அருமை எனக்கு விளங்கியது, செல்சியுடனான 2023 நவம்பர் ஆட்டத்தின்போதுதான். நம் நேரம் அதிகாலை 1.30க்குத் தொடங்கிய அந்த ஆட்டத்துக்கு முன், டொட்டன்ஹாமின் அப்போதைய முகாமையாளர் ஆஞ்ச் பொஸ்டெகொக்லூவின் அணி இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் முதல் பத்து ஆட்டங்களில் எட்டை வென்று, இரண்டைச் சமன் செய்திருந்தது. அன்று ரொமேரோவும் உடோகியும் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, ஒன்பது பேராகக் குறைந்த பிறகும், பின்வாங்காமல் முன்னேறி ஆடும் தன் கொள்கைப்படி அவர் தடுப்பு வரிசையைக் கோலடிக்கு இழுக்காமல் நடுக்கோட்டுக்கு அருகிலேயே நிறுத்திவைத்தார். 4-1 என்று தோற்றார்கள். ஐந்து பேராகக் குறைந்தாலும் இப்படித்தான் ஆடுவோம் என்று ஆட்டம் முடிந்ததும் அவர் சொன்னதைக் கேட்டு, சோடாப் பெட்டியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து கைதட்டினார். “தோத்தாலும் தலை குனிய வேண்டியதில்லை, தம்பி” என்றார் என்னிடம். துரையப்பா விளையாட்டரங்கில், பின்வரிசை ஆட்டக்காரர் பந்தை ஒரு கணம் காலில் வைத்திருந்தாலே “தூக்கி அடியடா!” என்று கத்தும் மனிதர் அவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த பருவகாலத்தில் அந்தக் கைதட்டலுக்கு விலை கொடுத்தோம். லீக்கில் 38 ஆட்டங்களில் 22 தோல்வி, 20 அணிகளில் 17ஆம் இடம். இரண்டாம் ஆண்டில் எப்போதும் ஏதாவது வெல்வேன் என்று பொஸ்டெகொக்லூ 2024 செப்டம்பரில் சொன்னதை யுனைடெட் ரசிகர்கள் வாசலில் நின்று திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். எங்களுக்குள்ளும் பிளவு இருந்தது. காயப்பட்டோர் பட்டியல் நீண்டுகொண்டே போகையில் அதே வேகத்தில் ஆடச் சொல்வது கொள்கையா, பிடிவாதமா என்ற வாக்குவாதம், தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு நீளும். எனக்கு அது பாதி பிடிவாதமாகவே பட்டது. ஆனாலும் கதிரையை விட்டு எழுந்து போகவில்லை.

2025 மே 21இல் ஸ்பெயினின் பில்பாவோவில் யுனைடெட்டுடன் நடந்த, ஐரோப்பியக் கழகங்களுக்கான யூரோப்பா லீக் இறுதியாட்டம் நமக்கு நள்ளிரவு 12.30. எங்கள் பிரென்னன் ஜோன்சனின் கோல் இடைவேளைக்குச் சற்று முன் விழுந்தது. அதன் பிறகு நடந்ததுதான் கடையில் இன்னும் பேசப்படுகிறது: டொட்டன்ஹாம் பின்வாங்கிக் கோலடியில் கூடிநின்று காத்தது; பந்து பெரும்பாலும் யுனைடெட்டின் காலில்தான். யுனைடெட்டின் ஹோய்லண்டின் தலையடியை எங்கள் வான் டி வென் கோட்டருகே அந்தரத்தில் மல்லாந்து உதைத்து வெளியேற்றியபோது, துணியைக் கட்டியிருந்த கயிறே அறுந்துவிட்டது. ஒரு நிமிடம் வெறுஞ்சுவரில் பார்த்தோம். 1-0. 2008க்குப் பின் டொட்டன்ஹாம் வென்ற முதல் கிண்ணம், எந்தக் கொள்கைக்காக நாங்கள் இரண்டு ஆண்டு நித்திரை கெட்டோமோ அதைக் கைவிட்ட ஆட்டத்தில் வந்தது. ஆசிரியர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அங்கே வந்துசேர்ந்ததே பழைய ஆட்டத்தால்தான் என்பது அவர் வாதம். எனக்கோ, நம்பியது ஆட்டமுறையையா அந்த மனிதரையா என்ற குழப்பம் அன்றுதான் தொடங்கியது. 16 நாட்களில் பொஸ்டெகொக்லூவை நீக்கியும் விட்டார்கள்.

அதன் பிறகு கூட்டம் குறைந்துவிட்டதால் கதிரை இலகுவில் கிடைக்கிறது. இங்கிலாந்தின் பிற்பகல் 3 மணி ஆட்டங்கள் குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30 என்பதால், குடும்பத்தோடு போவோர் அவற்றைத் தெரிவு செய்யலாம். அந்த வேளையில் போனால் ரோல்ஸும் சூடாக இருக்கும்.