சூடாக இருந்த என்ஜினை நம்பி வாங்கினேன்

7 வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். நான் பார்க்கப் போனபோது கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க வர்றீங்கன்னு ஏசி போட்டு வெச்சிருக்கேன் சார்" என்றார் விற்றவர். என்ன மரியாதையான மனுஷன் என்று நினைத்து ஏறி உட்கார்ந்தேன். அந்த மரியாதைதான் எனக்கு வைத்த ஆப்பு.

பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். இழுவை நன்றாக இருந்தது, புகை இல்லை, கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் வண்டி உதறியது. சைலன்சரில் வெள்ளைப் புகை. குளிர்ந்த வண்டியில் கொஞ்சம் நீராவி வருவது சகஜம், ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். இது ஐந்தாறு நிமிடம் ஆகியும் அடங்கவில்லை, இனிப்பான ஒரு வாடை வேறு. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வாரம் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவைப் பார்த்தால் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. தரையில் ஒரு சொட்டு ஒழுகல்கூட இல்லை. ஊற்றினேன், மறுபடி குறைந்தது. மூன்றாவது வாரம் மேட்டில் ஏறும்போது இழுவை செத்து, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது.

ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. என்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கும் கீழ்ப்பாகமான பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு அது. அதில் விரிசல் விட்டால், நிறுத்திவைத்த வண்டியில் கூலன்ட் மெல்லக் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் உதறியது அதனால்தான். கொஞ்ச நேரம் ஓடிச் சூடானால் அந்த நீர் ஆவியாகிப்போய் வண்டி சாதுவாகிவிடும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து மெக்கானிக் காட்டினார்: உள்ளே பழுப்பாகச் சேறு. ஒழுகலைத் தற்காலிகமாக அடைக்கும் மருந்தை ஊற்றியிருக்கிறார்கள். விற்கும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்ற கணக்கு.

இன்னொன்றைக் கேட்டால் சிரிப்பீர்கள். கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் போட்டதும் பி0301 என்று வந்தது, அதாவது முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை (மிஸ்ஃபயர்). ஆனால் செக் என்ஜின் விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லையே? மீட்டரைக் கழற்றினால், அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் அந்த விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் யாரோ கை வைத்திருக்கலாம். நான் போனபோதுதான் என்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததே, எதைப் பார்ப்பது?

ஓடும் என்ஜின் மறைப்பது இது மட்டுமில்லை. பேட்டரி பலவீனம், முதல் ஸ்டார்ட்டில் வரும் செயின் சத்தம், ஆயில் எரியும் நீலப் புகை எல்லாம் அந்த முதல் நிமிடத்தில்தான் நன்றாகத் தெரியும். சூடாக இருந்தால் ரேடியேட்டர் மூடியையும் திறக்க முடியாது, கை வெந்துவிடும். ஆயில் மூடிக்கு அடியில் பால்காப்பி நிறத்தில் நுரை இருக்கிறதா என்று பாருங்கள், ஆயிலில் நீர் கலந்ததன் அடையாளம் அது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தால் கொஞ்சம் நுரை வரும், அது பெரிய குற்றமில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் பேசவே வேண்டாம்.

சிவப்பு விளக்கு எச்சரிக்கும் என்றும் இருந்துவிடாதீர்கள். பல சின்ன கார்களில் வெப்பநிலை முள்ளே கிடையாது, குளிருக்கு நீல விளக்கு, சூட்டுக்குச் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். கூலன்ட் மொத்தமாக வற்றிவிட்டால் சென்சார் காற்றில் நின்று தப்பாகக் காட்டும். எனக்குச் சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

விற்றவரைக் கூப்பிட்டேன். "நல்லாத்தான் குடுத்தேன், நீங்க எப்படி ஓட்டுனீங்களோ" என்றார். அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிய தாளில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன், யாரைக் குறை சொல்ல?

வளைந்திருந்த ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டப்படுத்தி, புது கேஸ்கெட், புது ஹெட் போல்ட் போட்டோம். பழைய போல்ட்டையே முறுக்க விடாதீர்கள், பல என்ஜின்களில் அது ஒருமுறைதான். பிரித்தது பிரித்தாயிற்று என்று வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டையும் மாற்றினேன். அது ரப்பர், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயதால் கெடும். அறுந்தால் பல என்ஜின்களில் வால்வு பிஸ்டனில் போய் இடிக்கும். இப்போது வாரம் ஒருமுறை, காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது கூலன்ட்டைப் பார்க்கிறேன்.

போன மாதம் மச்சானுக்கு ஒரு வண்டி பார்க்கப் போனோம். நாங்கள் வரும்வரை என்ஜினைத் தொட வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தோம். இறங்கியதும் நான் பெயின்ட்டைப் பார்க்கவில்லை, பானெட்டில் கை வைத்தேன். கதகதப்பாக இருந்தது. "கழுவறதுக்காக இப்பத்தான் கொஞ்சம் நகர்த்துனேன்" என்றார். சரி, நாளை காலை வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்றோம். அன்று சாயங்காலமே வண்டி விற்றுப்போய்விட்டதாகச் சொல்லிவிட்டார்.